விலாவில் எழுதிய சிங்கம்

மரகதத்தின் இடது விலாவில் காவியால் எழுதிய சிங்கம், மூன்றாம் நாள் காலை அவள் உடம்பை விட்டு இறங்கி அடுப்படிக்குப் போய் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பூனை அளவுதான் இருக்கும். அவர்கள் குடியிருந்த தீவு ஊரான ஷாதிபூரில் இரண்டு நாள் இதையே பேசினார்கள். அப்புறம் மெயின்லேண்டிலிருந்து வெங்காயக் கப்பல் வந்து சேர, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. இறங்கிப் போன சிங்கம் அக்கியையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. மரகதத்தின் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

அவளுக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் கவுண்டர் வேலை. அந்தத் திங்கட்கிழமை, நீல் தீவுக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது விலாவில் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிட்டாள், எறும்பு இல்லை. மறுநாள் அதே இடம் காந்தியது, சேலை பட்டாலே எரிந்தது, பார்த்தால் தோலில் ஒன்றுமே இல்லை. வலப்பக்கம் நன்றாக இருந்தது. மாமியார் சொர்ணம்மா வாயுப்பிடிப்பு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்தாள். புதன்கிழமை முதுகிலிருந்து மார்புவரை பாதிப் பட்டையாகச் சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. சொர்ணம்மா ஒரு பார்வை பார்த்து, அக்கி, எழுதினால் போய்விடும் என்று முடித்துவிட்டாள். அக்கி எழுதக் குயவர் கை வேண்டும். பெரார்கஞ்சில் பம்ப் ஆபரேட்டராக இருக்கும் திருநாவுக்கரசு பிறப்பால் குயவர். ஆயுளில் ஒரு அகல் விளக்குகூடச் செய்ததில்லை. அதனால் என்ன, கை குயவர் கைதானே என்றார்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்று காலையும் வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போய், கோழி இறகால் சிங்கம் எழுதிக்கொண்டு, குளிக்காமல் திரும்பி வந்தாள் மரகதம். அவளும்தான் சரியென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வலி தாங்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கொப்புளம் கிளம்பின மூணு நாளைக்குள்ள வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்குமே. அந்த மூணு நாள் என்னம்மா பண்ணீங்க?" மரகதம் சேலையை இழுத்து விலாவை மூடினாள். அடுப்படியில் படுத்திருப்பதைச் சொல்வதா? சின்ன வயதில் வந்த அம்மை நரம்புக்குள் தூங்கிக் கிடந்து எழுந்ததுதான் இது என்றார் டாக்டரம்மா. மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்தது. வலி எட்டு மாதம் நின்றது. ஐயோ என்று அவள் விலாவைப் பிடிக்கும்போதெல்லாம், "சிங்கமே எறங்கிருச்சு, இன்னும் என்னா வலி?" என்று கேட்டாள் சொர்ணம்மா.

மரகதம் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: ஒரு பக்கம் மட்டும் காந்தினால் சும்மா இருக்காதே, கொப்புளம் தலைகாட்டின அன்றைக்கே டாக்டரிடம் போ. வந்தவர்கள் ஊங்கொட்டிவிட்டுச் சிங்கத்தைப் பார்க்க உள்ளே போனார்கள். கவுண்டர் கண்ணாடியில் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டினாள். படித்தவர்கள் ஹேவ்லாக் படகு நேரம் மாறிவிட்டதா என்று கேட்டார்கள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

பிறகு ஒரு காலை, அவள் கணவன் யோகராஜ் தலை சீவும்போது வலது நெற்றியில் சீப்பு பட்டு "ஸ்ஸ்" என்றான். மரகதம் தோசைக் கரண்டியோடு ஓடிவந்து இடது நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், அங்கே ஒன்றுமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள், டியூட்டி என்று போய்விட்டான். மறுநாள் புருவத்துக்கு மேலே நான்கு கொப்புளம், மூக்கு நுனியில் ஒன்று. யோகராஜ் ஃபெரியில் சுக்கான் பிடிக்கிறவன். கண் போனால் வேலை போச்சு. சொர்ணம்மாவோ அதற்குள் காவியைக் குழைத்துவிட்டாள்.

"மொதல்ல பெரார்கஞ்ச் போய்ட்டு வாறேன். மூணு நாள் எழுதிட்டு டாக்டர்கிட்ட போனா என்னா?" என்றான் யோகராஜ்.

"மூணு நாளா? கண்ணுங்க அது! என்னைப் பாத்துமா புத்தி வரல?"

"ஒனக்குத்தான் சிங்கம் எறங்குச்சே."

மரகதம் காவிக் கிண்ணத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தாள். கத்தினாள், அழுதாள், சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் பொறுமையாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான்.

அப்போது சிங்கம் எழுந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சோம்பல் முறித்து, வாசலைத் தாண்டி, பெரார்கஞ்ச் பஸ் நிற்கிற இடத்தைத் திரும்பியும் பார்க்காமல் ஆஸ்பத்திரிச் சாலையில் நடந்தது. சொர்ணம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அது பின்னாலயே போடா யோகு!" யோகராஜ் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே போனான். குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிய மரகதத்துக்கு வயிறு எரிந்தது. "ரெண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன், காதுல ஏறல. வாயில்லாதது நாலு எட்டு வச்சதும் கெளம்பிட்டீங்களே!"

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "அரே, ஜான்வர் அந்தர் நஹி" என்று, மிருகத்துக்கு உள்ளே இடமில்லை எனப் பிரம்பை நீட்டினார். சிங்கம் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள், கண் டாக்டரும் பார்த்தார். நெற்றியில் தழும்பு நின்றது, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. யோகராஜ் இப்போதும் சுக்கான் பிடிக்கிறான்.

ஷாதிபூரில் யாருக்காவது ஒரு பக்கம் காந்தினால் இப்போது நேராக மரகதம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அவள் சொன்னால், "இருங்கக்கா, சிங்கம் எந்திரிக்கட்டும்" என்கிறார்கள். அவள் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டாள். அடுப்படிக்குப் போய், சிலிண்டருக்குப் பக்கத்தில் தூங்குவதைக் கால் விரலால் நிமிண்டுகிறாள்.

"எந்திரி. ஆள் வந்திருக்கு."