ஒர்சோலாவின் ஏழு கோழிகள்

திரெந்து நகரில் கத்தோலிக்க ஆயர்கள் பதினெட்டு வருடம் கூடிப் பேசிய சீர்திருத்தம், ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் மலையூருக்குக் கழுதை மேல் வந்து சேர்ந்தது. மிலானிலிருந்து வந்த கட்டளை அது: குருக்கள் வீட்டில் பெண் இருக்கக் கூடாது. பங்குச் சாமியார் டான் காவ்தென்சியோ அதைப் படித்து முடிப்பதற்குள், அதே பதினெட்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்திய ஒர்சோலாவின் துணிமூட்டை வாசலுக்கு வந்துவிட்டது.

"என் கோழிங்களையாவது குடுய்யா."

"அதுங்க கோவில் சொத்து. நீ சமையல்காரி, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து சாமியாருக்குப் பக்தி முற்றியது. ஞாயிறுதோறும் கற்பைப் பற்றிப் பிரசங்கம். இடுப்பில் முள்கயிறு, அதுவும் அங்கிக்கு வெளியே தெரியும்படி. வட்டாரத் தலைமைக் குரு பதவி காலியாக இருந்தது, கோவிலில் மணியடிக்கும் எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆயரின் விசாரணைக் குரு வரும்போது காட்டுவதற்கு, மனந்திரும்பிய பாவி ஒருத்தி தேவைப்பட்டாள். என்னைத் தூது அனுப்பினார். பூசைக்கு முன் ஒர்சோலா மெழுகுவத்தியோடு கோவில் வாசலில் நின்று, ஊரறியத் தன் பாவத்தைச் சொல்ல வேண்டும். வழியோடு போன கழுதைக்காரன் ஒருவனோடு வாழ்ந்ததாகச் சொல்ல வேண்டும். மறுத்தால் ஊரை விட்டே துரத்திவிடுவார்.

அவள் கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"கழுதைக்காரனா? பாதி சரிதான். வர்றேன்னு சொல்லுங்கண்ணே."

ஞாயிறன்று வெறுங்காலோடு, தலைவிரி கோலமாக வந்தாள். கையில் இரண்டு மெழுகுவத்திகள். ஒன்றுதான் எரிந்தது.

"யாரோட வாழ்ந்தே, மகளே?" என்றார் விசாரணைக் குரு.

"பேரைச் சொல்ல வாய் கூசுது சாமி. எந்த வீட்டுலன்னு வேணா காட்டுறேன்."

பிறகு எதிரே இருந்த சாமியார் வீட்டைப் பார்த்து, "பா... பா... பா..." என்றாள்.

முதலில் நொண்டிப் பழுப்புக்கோழி வந்தது. பின்னாலேயே ஐந்து, இறக்கையை விரித்துக்கொண்டு. ஏழாவது, படுக்கையறை ஜன்னலிலிருந்து குதித்தது. எல்லாம் அவள் காலைச் சுற்றிக்கொண்டன. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று இருமல்.

விசாரணைக் குரு டான் காவ்தென்சியோவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொன்ன அந்தக் கழுதைக்காரன் உங்க வீட்டுலதான் தங்கியிருந்தானோ?"

ஒர்சோலா இரண்டாவது மெழுகுவத்தியை முதலாவதில் பற்றவைத்து, சாமியாரை நோக்கி நீட்டினாள்.

"பிடிங்க. ஒத்தையா நின்னா கை வலிக்குது."

பூசை மணிக்கு நேரமாகிவிட்டது. கயிறு என் கையில்தான் இருந்தது, நான் இழுக்கவில்லை. உருகிய மெழுகு அவள் மணிக்கட்டில் சொட்டு சொட்டாக விழுந்து உறைந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.