மாடிக்குக் கேட்காத வலி

புது முட்டி வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து நான் கீழே, என் வீட்டுக்காரர் மாடியில். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து அவரால் இறங்க முடியாது. மாப்பிள்ளை தூக்கி வரலாமென்றால் படியோ குறுகல், மனிதரோ ஆஜானுபாகு. முட்டி நன்றாக மடங்கினால்தான் நான் படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் அவர் குறட்டையைத் திட்டித் தீர்த்தவள், இப்போது அது இல்லாமல் தூக்கம் வராமல் கிடந்தேன். அவர் முகத்தைப் பார்க்க அப்படி ஏங்கினேன்.

போனில் பேசலாமென்றால், "சரி, சரி" என்று வைத்துவிடுகிற ரகம் அவர். அதனால் சாயங்காலம் மகள் படிக்கட்டடியில் எனக்கு நாற்காலி போடுவாள். கீழேயிருந்து நான் கத்த, மேலேயிருந்து அவர் கத்துவார்.

"வலி எப்படி இருக்கு?"

"வலியா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

உண்மை தெரிந்தால் படுத்த படுக்கையில் மனிதர் உருகிப்போவார். அதனால் குரல் நடுங்காமலிருக்க ஒரு வேலை செய்தேன். காலைப் பயிற்சிக்கு முன்னால் போடவேண்டிய வலி மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளித்துவைத்து, சாயங்காலப் பேச்சுக்கு முன்னால் போட்டுக்கொண்டேன். பயிற்சியின்போது உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

ஒருநாள் பயிற்சி கொடுக்க வரும் பெண் தலையணையைத் தூக்கினாள். மாத்திரை அகப்பட்டது.

"இதைப் போடாம எப்படிம்மா மடக்குவீங்க? இப்படியே விட்டா முட்டி இறுகிடும். அப்புறம் மாடியை மறந்துட வேண்டியதுதான்."

உடனே விழுங்கினேன். அரை மணி கழித்து மடக்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் முதல்முறையாகக் கால் மடங்கிக்கொடுத்தது.

சாயங்காலத்துக்குள் மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. "ஒண்ணுமில்லீங்க" என்று ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டேன்.

மேலே அவர் கட்டில் கிறீச்சிட்டது.

"வலிக்குதா?"

"ரொம்ப வலிக்குதுங்க."

"இத்தனை நாளாவா?"

"ஆமா."

"வலியே இல்லாதவ ஏன் மேல வரமாட்டேங்கிறான்னு... விட்டது தொல்லைன்னு கீழேயே இருந்துட்டியோன்னு நெனச்சுட்டேன்."

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"இல்லதான்." அவர் குரலும் உடைந்திருந்தது. "நாளைக்குக் காலை மடக்கும்போது நல்லா வாய்விட்டுக் கத்து. எனக்குக் கேக்கணும்."