வளைவுக்கு ஒரு கல் குறைவு

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு எடைக்காரர் வீட்டுச் சமையலறைச் சுவரிலிருந்து ஒரு சதுரக் கல் இறங்கி, கூடத்தைக் கடந்து, வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது. அவசரப்படவில்லை. நிறைகுடம் தூக்கியவள் நடக்கிற வேகம்தான். சுவர் விழவில்லை, கல் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை மட்டும் மிஞ்சியது. அதன் வழியாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று கேட்டாள். மறுநாள் அவள் வீட்டிலிருந்தும் ஒன்று போனது. அதற்குப் பிறகு அவள் உப்பு கேட்கவில்லை.

பத்து நாளில் நாற்பத்தேழு கற்கள் போய்விட்டன. எல்லாம் சுரங்க மேட்டுக்குக் கீழே இருந்த காலி நிலத்தில், இரண்டு இரண்டாக, ஒரே இடைவெளி விட்டுப் படுத்துக்கொண்டன. ஒவ்வொரு கல்லிலும் இரண்டு துளை, துளைக்குள் மர ஆப்பு, ஆப்பின் நடுவில் துருப்பிடித்த ஆணித் தடம். சுரங்கங்களின் பழைய ரயில் பாதைகளின் வரலாறு எழுதுவதற்காக அளவுநாடாவோடு வந்து தங்கியிருந்த கண்ணாடிக்காரர்தான் விளக்கம் சொன்னார். தாதுப் பெட்டிகளைக் குதிரை இழுத்த காலத்தில், அதன் கால் இடறக் கூடாதென்று, குறுக்கே கட்டை போடாமல் இருபுறமும் கல் பதிப்பார்களாம். கல்லில் துளையிட்டு, ஆப்பு அடித்து, ஆப்பில் ஆணி இறக்கித் தண்டவாளத்தைப் பிடிக்க வைப்பார்களாம். இதெல்லாம் சரி. ஆனால் அவரிடமிருந்த கம்பெனி வரைபடத்தில் பாதை நேர்கோடாக இருந்தது. கற்களோ வளைந்து கிடந்தன.

ஊர் உடனே தையல்காரியைச் சந்தேகித்தது. அவள் தாதுப் பெட்டியில் பிரேக் பிடித்த பிரேக்காரரின் மகள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், குதிரையை அவிழ்த்துவிட்டு இறக்கத்தில் ஓடவிட்ட தாதுப் பெட்டி கவிழ்ந்து, பின்னால் தொற்றிக்கொண்டு வந்த குதிரைக்காரர் செத்துப்போனார். விசாரணையில் அவளுடைய அப்பா, "மேனேஜர் தோட்டத்த இடிக்கக் கூடாதுன்னு பாதைய வளைச்சாங்க, அந்த வளைவுல தண்டவாளம் நகந்துச்சு, நான் பிரேக்க விடல" என்று சொன்னார். எந்த வளைவு என்று கேட்டார்கள். அதற்குள் தண்டவாளம் கழற்றப்பட்டிருந்தது. கற்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போய் அள்ளி வந்தது. வீட்டுச் சுவர்களில், துளை சுவருக்குள் மறையும்படி வைத்துப் பூசியது. அப்படித் திருப்பி வைக்கும்படி யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பதினொரு கல் எடுத்தவர் சுரங்கத்து எடைமேடையில் வேலை பார்த்த எடைக்காரர். பாதை நேர்தான் என்று சாட்சி சொன்னவரும் அவரே. செத்த குதிரைக்காரர் அவருடைய தம்பி.

எனவே கற்கள் நடக்கின்றன என்பதை ஊர் ஏற்றுக்கொண்டது. அவை தாமாக நடக்கின்றன என்பதைத்தான் ஏற்கவில்லை. தையல் மெஷினை மிதித்து மிதித்து அவளுக்குக் கால் உரம் ஏறியிருக்கிறது என்றார்கள். எடைக்காரர் அவள் வாசலைச் சுற்றி இரண்டு படி மாவு தூவி, ஒரு பகல் முழுக்க எதிரில் ஸ்டூல் போட்டுக் காவலிருந்தார். மாவில் சதுரத் தடங்கள்தான் விழுந்திருந்தன. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு நடந்திருப்பாள் என்று அதற்கும் வழி கண்டுபிடித்தார். அவளுக்குள்ளும் ஒரு சந்தேகம் இருந்தது, ஊரின் மேல் அல்ல. அப்பா அன்றைக்குக் குடித்திருப்பாரோ, பயந்து குதித்திருப்பாரோ என்று சிறுவயதிலிருந்தே அவள் ரகசியமாகத் தையல் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சாகும்போதுகூட அதை அவளால் கேட்க முடியவில்லை.

நாற்பத்தேழோடு கற்கள் வருவது நின்றுபோனது. வளைவின் வெளிப்பக்கத்தில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. கண்ணாடிக்காரர், ஒரு கல் குறைந்தாலும் அதை வளைவு என்று தன்னால் எழுத முடியாது, வரைபடத்தில் உள்ளதையே எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்பப்போவதாகச் சொன்னார். அவள் வீடு வீடாகப் போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கடைசியில் எடைக்காரர், "அடுத்தவன் சுவரத் தட்டுறியே, ஒன் வீட்டத் தட்டுனியா? ஒங்கப்பன் மட்டும் என்ன, கை கட்டிக்கிட்டா நின்னான்?" என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் நுழைந்தார்.

தட்ட வேண்டியிருக்கவில்லை. மெஷினுக்கு எதிர்ச் சுவரில், அப்பாவின் பழைய கோட்டு தொங்கிய இரண்டு மர முளைகள். கோட்டை எடுத்தாள். அவை முளைகள் அல்ல, பாதி இழுத்துவிட்ட ஆப்புகள். கல்லின் துளை அறையைப் பார்த்து இருந்தது. ஊரில் ஒரு கல் மட்டும் முகம் காட்டி நின்றிருக்கிறது, அதன்மேல் அவள் முப்பத்தொரு வருஷம் கோட்டு மாட்டியிருக்கிறாள். அப்பாவும் எடுத்தாரா என்று கோட்டைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தாள். எடைக்காரர் கிட்டே போனார். ஆப்பின் முனையைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அடுத்ததை. முனைகள் வழவழவென்று இருந்தன.

"ஆணி அடிக்கவே இல்லம்மா" என்றார். "ரெண்டுலயும் அடிக்கல. தண்டவாளம் சும்மா மேல கெடந்திருக்கு, அதான் நகந்திருக்கு."

"அதான் மாமா இது மட்டும் கெளம்பல" என்றாள் அவள். "பாதையோட இத யாரும் கட்டலையே."

அந்தக் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளியவர் எடைக்காரர். வழியெல்லாம் யாரையும் தொடவிடவில்லை. காலி இடத்தில் அது பொருந்தி உட்கார்ந்தது. கண்ணாடிக்காரர் நாடாவால் இரண்டு முறை அளந்துவிட்டு, வரைபடத்தின் நேர்கோட்டை அழித்தார்.

அடுத்த செவ்வாயிலிருந்து, பதினொன்றரைக்குத் தாதுப் பெட்டி ஒன்று இறங்கி வருகிறது. தண்டவாளம் கிடையாது. சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று வழி விடுகிறார்கள். துணி காயப்போட்டவர்கள் தூசு படாமல் எடுத்துக்கொள்கிறார்கள். வளைவு வரும்போது கிறீச்சென்று நீளமாகப் பிரேக் சத்தம் கேட்கும். பெட்டி வேகம் குறைந்து, சாய்ந்து, நிமிர்ந்து போகும். சமையலறை ஓட்டையை எடைக்காரர் இன்னும் அடைக்கவில்லை. அந்த நேரத்துக்கு அதன் முன்னால் போய் நிற்பார்.

"பிடிச்சிட்டாரு" என்பார் உள்ளே திரும்பி. பிறகு சாப்பிட உட்காருவார்.

தையல்காரி வீட்டுச் சுவரிலும் ஓட்டை இருக்கிறது, வெளிச்சம் வருவதால் ஊசி கோக்க வசதி. கோட்டு மாட்ட அதன் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துக்கொண்டாள்.