சாலம்மாள் பிடுங்கிப் போட்ட செடிகள்

1

இந்தக் கதை ஓர் அரசாங்கப் படிவத்தில் பிறந்தது. மற்றவர்களுக்கு மழையிலும் காதலிலும் கதை பிறக்கிறது. எனக்கு வாய்த்தது இதுதான். கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். (எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், இன்னும் ஏழு வருடம் சர்வீஸ் பாக்கி.) அங்கே எழுதுவதற்குச் சம்பளம் தருகிறார்கள், அதை யாரும் கதை என்று சொல்வதில்லை.

முதல் தொடக்கம் இப்படி: "கல்வராயன் மலையடிவாரத்தில், வெண்பனி போர்த்தியது போல அந்த நிலம்—"

அடித்துவிட்டேன். அது உப்பு. உப்பைப் பனி என்று எழுதுகிறவன் அந்த மண்ணில் ஒருநாள்கூடக் குனிந்து வேலை செய்யாதவன்.

2

சாலம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. அவளும் புருஷன் முனியனும் இருபது வருடம் ஊரார் கரும்பை வெட்டி, சின்னசேலத்துக்கு மேற்கே அறுபது சென்ட் கொல்லை வாங்கினார்கள். நான்கு போகம் நிலக்கடலை, அவர்கள் சொல்லில் மல்லாட்டை, நன்றாகக் காய்த்தது. பிறகு பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் மில் வந்தது. (பெயர் வேண்டாம். மில்காரர்களும் கதை படிப்பார்கள்.) கழிவுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டார்கள். மூன்றே வருடத்தில் கிணறு கரித்தது, மண் வெளுத்தது, போட்ட விதை முளைக்கவில்லை.

ஆனால் கொல்லை சும்மா கிடக்கவில்லை. வேலிகாத்தான் வந்தது, கோரை வந்தது. பிறகு தடித்த இலையோடு, சிவந்த தண்டோடு ஒரு செடி* தரையோடு படர்ந்தது. சாலம்மாள் ஓர் இலையைக் கடித்துத் துப்பினாள்.

"உப்பா கரிக்குது," என்றாள்.

* அதற்குத் தாவரவியல் பெயர் ஒன்று இருக்கும். தேடிப் போட்டால் எனக்கு விஷயம் தெரியும் என்று நினைப்பீர்கள். சாலம்மாள் அதை உப்புச்செடி என்றாள், அது போதும்.

எதுவும் பிழைக்காத மண்ணில் தழைத்த அந்தச் செடியை உழைக்கும் பெண்ணுக்கு உவமையாக்கி ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்தச் செடிக்கு உப்பு பிடிக்கும், அவளுக்குப் பிடிக்காது. கிழித்துப் போட்டேன்.

3

மில் கழிவைப் பற்றிச் சாலம்மாள் ஆறு மனு கொடுத்தபின், எங்கள் அலுவலகத்திலிருந்து பார்வையிட வருவதாக அவளுக்குத் தகவல் போனது. நிலம் கெட்டிருக்கிறது என்று அறிக்கை போனால் வாய்க்காலை அடைப்பார்கள். இரண்டு மூன்று மழையில் உப்பு இறங்கி மண் தேறலாம். இல்லையென்றால் அறுபது சென்டும் போயிற்று. எல்லாம் அந்த ஒரு தாளில் இருந்தது.

தகவல் கிடைத்த அன்றே சாலம்மாள் மம்பட்டியை எடுத்தாள்.

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று வாசகர் கேட்பாரே என்று, முனியன் அவளைத் தடுப்பதாக ஒரு வரி சேர்க்க நினைத்தேன். விசாரித்தால், அவன் நிஜமாகவே தடுத்திருக்கிறான்.)

"செடி இருந்தா இருந்துட்டுப் போவுது. இன்னாத்துக்கு இந்த வெயில்ல புடுங்கிக்கினு கீற?" என்றான்.

"வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? கொல்லைய பொதரா போட்டுவெச்சிக்கினு மில்லு மேல பழி போடுறானு சொல்ல மாட்டாங்களா? ஒழைக்காதவ கொல்லைல தான்யா களை மண்டும்."

களை மண்டிய கொல்லை அவளுக்கு மானக்கேடு. இருபது வருடம் பிறத்தியார் வயலில் களையெடுத்தவள்; கை சுத்தம் என்றுதான் அவளைத் தேடிக் கூப்பிடுவார்கள். நான்கு நாள் பிடுங்கினாள். வெளுத்திருந்த மேல்மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளி ஓடையோரம் கொட்டினாள். கடைசி நாள் டிராக்டர் பிடித்து ஓர் உழவும் ஓட்டிவிட்டாள். அடிமண் புரண்டு மேலே வந்து, கொல்லை பெண் பார்க்க வருகிற வீட்டைப் போல் இருந்தது.

4

அதிகாரி வெங்கடேசன் ஜீப்பிலிருந்து இறங்கிப் பார்த்தார்.

"மண்ணு நல்லாத்தானேம்மா இருக்கு?"

"நாலு நாளா சுத்தம் பண்ணிக்கிறேங்க சார்," என்றாள் அவள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அவர் சொல்லச் சொல்லப் படிவத்தை நிரப்பியவன் நான். உப்புப் படிவு: இல்லை. உவர்நிலத் தாவரங்கள்: இல்லை. மண் மாதிரி: தேவைப்படவில்லை.

இதுவரை மூன்று வரைவில் இந்த வரியை விட்டுவிட்டேன், இப்போது எழுதுகிறேன்: வரப்பில் அந்தச் செடிகள் குவியலாகக் கிடந்தன. வேரில் வெள்ளை அப்படியே ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன். படிவம் நிலத்தைத்தான் கேட்டது, வரப்பைக் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜீப்பில் எல்லோரும் பசியோடு இருந்தோம். கோழை என்று திட்டலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

5

முடிவு, ஒன்று: மறு ஆய்வுக்கு உத்தரவு வருகிறது, வாய்க்கால் அடைக்க— (எங்கள் அலுவலகத்தை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு, இரண்டு: உப்புச்செடி மீண்டும் முளைத்து ஊருக்கே சாட்சி— (முளைத்தது உண்மை. இரண்டே மாதத்தில். கோப்பு அதற்குள் மூடியாயிற்று.)

நடந்தது இது. மனு தள்ளுபடியான கடிதத்தோடு சாலம்மாள் பஸ் பிடித்து அலுவலகத்துக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எங்கனா ஒண்ணு ரெண்டு செடிய வுட்டுட்டனா சார்? அது கண்ணுல பட்டுத்தான் தள்ளிட்டாங்களா? சொல்லுங்க, அடுத்த வாட்டி இன்னும் சுத்தமா வெக்கறேன்."

நான் சொன்ன பதிலை எழுதப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் நான்கு நாள் வெயிலில் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அடுத்த முறையும் பிடுங்குவாள். நீங்கள் படித்தவர்கள், நல்லவர்கள், ஜீப்பில் வராதவர்கள். இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து அவளுக்கு நீங்களே சொல்லுங்கள்.