அண்ணன் சொன்ன கார்டு

ஒரு கை தட்டில், மறு கை கைப்பேசியில். கார்டு அண்ணன் காலையில் சாப்பிடுகிற லட்சணம் இதுதான். வாய்க்குள் போவது என்னவென்று அவனுக்கே தெரியாது. கட்டைவிரல் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். எதிரில் உட்கார்ந்து மனைவி பேசினால் 'ம்' கொட்டுவான். அவள் பேச்சை நிறுத்தி எழுந்து போன பிறகும் 'ம்' கொட்டுவான்.

கார்டு அண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்ன? அவன் வீடியோக்களைப் பார்க்கிறவர்கள் வைத்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்க வசதியில்லாமல், பழைய டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். திரையில் படத்தை வரைந்து காட்டுகிற கிராபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றினால், அந்தக் கிழட்டுப் பெட்டி இன்னும் சில காலம் ஓடும். குறைந்த விலையில் எந்தக் கார்டை வாங்குவது என்று சொல்லித்தருவதுதான் இவன் பிழைப்பு.

ஆரம்பத்தில் தங்கமான ஆள்தான். "மொதல்ல பெட்டியைத் தொறந்து பாருங்க. உள்ள இருக்கிற பவர் சப்ளைக்கு அந்தக் கார்டைத் தாங்குற தெம்பு இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா தனி ஒயர் கேக்காத சின்ன கார்டு போதும்" என்று பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லுவான். சில பேரிடம், உங்களுக்குக் கார்டே வேண்டாம், பணத்தைப் பத்திரமாக வையுங்கள் என்றும் சொல்லியிருக்கிறான். அதனால்தான் அவன் பேச்சு வேதவாக்கானது. கேட்கிற ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து தனித்தனியாகப் பதில் எழுதுவான்.

அதெல்லாம் ஒரு காலம். இப்போது தயாராக ஒரு பதில் வைத்திருந்தான்: 'இந்த வீடியோவைப் பாருங்க, எல்லாம் சொல்லியிருக்கேன்.' கீழே லிங்க். யார் கேட்டாலும் அதையே ஒட்டி அனுப்புவான். கேட்டவர் சந்தோஷமாகப் போய்விடுவார், இவனும் அடுத்த வாய் சாப்பிடுவான்.

அன்று காலை வந்து குவிந்ததில் தங்கையின் செய்தியும் ஒன்று. 'அண்ணா, நீ குடுத்த பழைய கம்ப்யூட்டர்ல வீட்டு டிசைனைத் திருப்பினா அசையவே மாட்டேங்குது. எந்தக் கார்டு வாங்கட்டும்? ஃப்ரீயா இருக்கப்ப சொல்லு.' பெயரைப் பார்த்தான். தங்கைதானே, அப்புறம் போன் போட்டு நிதானமாகப் பேசலாம் என்று நினைத்தான். அதுவரைக்கும் சும்மா இருக்கட்டுமே என்று அதே பதிலை ஒட்டினான். கூடவே ஒரு சிவப்பு இதயம் வேறு. அந்த 'அப்புறம்' மட்டும் வரவே இல்லை.

அந்த வீடியோவின் கதையைச் சொல்ல வேண்டும். சேனல் கொஞ்சம் படுத்துப்போயிருந்த நேரம். பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், வீட்டுச் செலவா குறையும்? அப்போது ஒரு பழைய பொருள் கடைக்காரர் தேடி வந்தார். கம்ப்யூட்டர்களை ஓட்டி கிரிப்டோ என்கிற இணைய நாணயத்தைத் தோண்டி எடுக்கிற கூடங்களில் இரவு பகலாக ஓடி நொந்துபோன கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கி, தூசி தட்டி, விசிறி மாற்றி, புது அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறவர் அவர். ஒரு கார்டை இவன் கையில் கொடுத்து, நல்ல வார்த்தை நாலு சொன்னால் மாதாமாதம் கவனித்துக்கொள்கிறேன் என்றார்.

இவன் வீட்டில் மாட்டிப் பார்த்தான். முதலில் ஜம்மென்று ஓடியது. சூடு ஏற ஏறத் திரையில் கோடு கோடாக விழுந்தது. பிறகு படமே கிழிந்து தொங்கியது. கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னான். அந்த மனுஷன் பதறவே இல்லை.

"உங்களைப் பொய் சொல்லச் சொன்னேனா சார்? நல்லா ஓடுனதைக் காட்டுங்க. மிச்சத்தை விட்ருங்க."

என்ன பேச்சு பாருங்கள். விஷத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆனால் கார்டு அண்ணனுக்கு அது நியாயமாகப் பட்டது. நான் பொய் சொல்லவில்லையே, ஒன்றைச் சொல்லாமல்தானே விடுகிறேன் என்று தனக்குத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு, படம் கிழிந்த பகுதியைக் கச்சிதமாக வெட்டி எறிந்தான். கொஞ்சம் சூடாகும், ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள் போதும் என்று சிரித்துக்கொண்டே சேர்த்தும் விட்டான். வீடியோ பிய்த்துக்கொண்டு போனது.

அந்தச் செய்தியை அனுப்பிய நேரத்தில் தங்கை அப்பா வீட்டில் இருந்தாள். சும்மா வந்து தங்கவில்லை. கட்டினவன் கை நீட்டுகிறவன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பாவுக்கு மகள் பட்ட அடியைவிட, எதிர்வீட்டுக்காரர் கேட்ட கேள்விதான் அதிகமாக வலித்தது. அப்படியும் சில அப்பாக்கள். கடைசியில் ஒரு முடிவு சொன்னார்: சொந்தக் காலில் நிற்கிற மாதிரி ஒரு நிரந்தர வேலை கிடைத்தால் பின்னறையில் இருந்துகொள், இல்லையென்றால் மாப்பிள்ளை வந்து கூப்பிடும்போது மறுபேச்சுப் பேசாமல் கிளம்பிவிடு. மாப்பிள்ளையும் மாத முடிவில் வருவதாகச் சொல்லியிருந்தார்.

தங்கைக்குக் கைவசம் ஒரு தொழில் இருந்தது. ஒரு வீட்டின் சமையலறையும் கூடமும் கட்டி முடித்தால் எப்படியிருக்கும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே வரைந்து, உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி படமாக ஓட்டிக் காட்டுவாள். கல்யாணத்துக்கு முன் படித்தது. அலமாரி வேலை செய்கிற ஒரு நிறுவனம் அவளைச் சோதித்துப் பார்க்க ஒரு வீட்டைக் கொடுத்தது. வீட்டுக்காரரே நேரில் வந்து பார்க்கப் போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை உறுதி, வீட்டிலிருந்தே செய்யலாம், பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம். அவளுக்கு அது வேலை மட்டுமா? திரும்பிப் போகாமல் இருப்பதற்கு இருந்த ஒரே வழி.

கார்டு அண்ணன் மனைவியோடு அப்பா வீட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின்னறையில் எட்டிப் பார்த்தான். மேசைமேல் அவன் கொடுத்த பழைய டெஸ்க்டாப், பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டுத் திறந்து கிடந்தது. அதற்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. அந்த வெக்கையில் தங்கைக்கும் குழந்தைக்கும் காற்றில்லை, இருந்த ஒரு ஃபேனும் கம்ப்யூட்டருக்கு.

"நீ சொன்ன கார்டுதான்ணா. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை" என்று சிரித்தாள்.

குனிந்து பார்த்தான். அதே கார்டு. விசிறியின்மேல் கடைக்காரரின் புது ஸ்டிக்கர் பளபளத்தது.

அவளோ விடாமல் பேசிக்கொண்டே போனாள். கடையில் வேறொரு ஆள், இதெல்லாம் ஓடித் தேய்ந்த சரக்கு, வாங்காதேம்மா என்று தடுத்தாராம். இவள் அவரிடம் சண்டைக்கே போய்விட்டாளாம். எங்கள் அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், உங்களுக்கு என்ன தெரியும் என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு வந்தாளாம். படம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இன்று கடைசியாக ஓட விட்டால் காலையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டியதுதான் என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவன் பார்த்து வெகுகாலமாகிறது.

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்து, இது உருப்படாத கார்டு, இதை நம்பாதே, என் மெஷினைக் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை வேறு. தொண்டைவரை வந்தது. கூடத்தில் அப்பா, பக்கத்தில் மனைவி, எதிரே அண்ணன் அண்ணன் என்று பூரித்து நிற்கிற தங்கை. வெட்கம் வந்து வாயை அடைத்துவிட்டது. உண்மையைச் சொல்லாமல் விட்டுப் பழகின வாய்க்கு, வேண்டிய நேரத்தில் மட்டும் எப்படி வரும்?

"அப்பப்ப சேவ் பண்ணிக்கோம்மா" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. விடிந்ததும் தன் நல்ல கார்டைக் கழற்றிக்கொண்டு வந்து, ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான்.

காலையில் கார்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு அவன் போய்ச் சேர்ந்தபோது, பின்னறையில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. திரை கறுத்துக் கிடந்தது. ராத்திரி பாதிப் படம் ஓடும்போதே கோடு கோடாக விழுந்து, பிறகு பெட்டி எழுந்திருக்கவே இல்லையாம். தூங்குகிற அண்ணனை எழுப்புவானேன் என்று, தானே அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கடை திறந்ததும் போன் செய்தாளாம். அளவுக்கு மீறி ஓட்டியிருக்கிறீர்கள், நாங்கள் பொறுப்பில்லை என்று வைத்துவிட்டார் கடைக்காரர். நிறுவனத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்திருக்கிறார், காத்திருக்க மாட்டார், இன்னொருவர் செய்ததைக் காட்டிவிட்டோம், அவருக்குப் பிடித்துப்போயிற்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார்களாம்.

"என் தப்புதான்ணா. விடாம ஓட்டியிருக்கக் கூடாது" என்றாள் தங்கை. பாவி மகள், அப்போதும் அண்ணன்மேல் ஒரு சந்தேகம் வரவில்லை அவளுக்கு.

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். கடைக்காரர் வந்தது, திரை கிழிந்தது, வெட்டி எறிந்தது, எல்லாம். அவள் கத்துவாள், கன்னத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நேத்து இங்க நின்னுட்டு இருந்தப்பவும் தெரியுமா?"

தெரியும் என்றான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். எங்கே சுட்டது? பக்கத்தில் ஒரு பாவமும் அறியாமல் நின்றவளை அல்லவா சுட்டுவிட்டது!

பிறகு அவன் ஓடாத இடமில்லை. நிறுவனத்து வாசலில் போய்க் கெஞ்சினான். ஆள் எடுத்தாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வீடியோவை நீக்கினான். நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டு வேறொன்று போட்டான். பாதிப் பேர் காறித் துப்பினார்கள், மீதிப் பேர் இதுவும் ஒரு விளம்பரம் என்றார்கள். கடைக்காரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் வேறொரு வாயைப் பிடித்துக்கொண்டார். அந்த வாயும் அதே கார்டை, அதே சிரிப்போடு புகழ்ந்துகொண்டிருந்தது.

மாத முடிவில் மாப்பிள்ளை வந்தார். கூடத்தில் உட்கார்ந்து அப்பாவோடு நாட்டு நடப்புப் பேசினார். பின்னறையில் தங்கை குழந்தையின் துணிமணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கார்டு அண்ணன் வாசற்படியில் நின்று, நம் வீட்டுக்கு வந்துவிடு, காலம் முழுக்க நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். அவன் மனைவியும் அழுதுகொண்டே, வந்துவிடு என்றாள்.

"வந்தா உன் சோத்தைத்தான் சாப்பிடணும். அது யார் வயித்தெரிச்சல்ல வந்த சோறுன்னு இப்ப எனக்குத் தெரியுமே."

"அவர் திரும்ப அடிப்பாரும்மா."

"அடிப்பார். அவர் கை எப்ப ஓங்கும்னு எனக்குத் தெரியும், கொஞ்சம் ஒதுங்கிக்குவேன். உன்கிட்ட ஒதுங்கணும்னு எனக்குத் தோணவே இல்லியேண்ணா."

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை, யாரோ முகம் தெரியாதவர்கள் வாங்குவார்கள், கொஞ்ச நாள் ஓடும், போகும் என்றுதான் நினைத்தேன் என்று குழறினான்.

தங்கை பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"காசு வாங்கிட்டு ஒரு பொருளைப் புகழ்றவங்க எல்லாரும் அப்படித்தான்ணா நெனச்சுக்கிறாங்க, யாரோ வாங்குவாங்க, யாரோ ஏமாறுவாங்கன்னு. யாரோன்னு ஒருத்தரும் இல்ல. நம்பி வாங்குற ஒவ்வொருத்தரும் யாருக்காவது தங்கச்சிதான். தெரிஞ்ச குறையைச் சொல்லாம விடுறதும் பொய்தான்."

கூடத்திலிருந்து மாப்பிள்ளை, நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள்.