ஆய்வாளர் என்றால் எந்த ஆய்வாளர்?

1

இது கதையாகப் பிறந்ததல்ல. அசைன்மென்ட்டாக எழுதப்பட்டுத் தோற்றுப்போன ஒன்று.

அரசு ஊழியர்களுக்கென்று திருச்சிக் கல்லூரி ஒன்றில் சனி, ஞாயிறுகளில் பொது நிர்வாகம் எம்.ஏ. நடத்துகிறார்கள். இரண்டாம் ஆண்டில் ‘நிர்வாகத்தில் அறநெறி’ என்று ஒரு தாள். ‘உங்களுக்குத் தெரிந்த அரசு அலுவலகம் ஒன்றில் எழுந்த அறச்சிக்கலை விவரிக்க’ என்றார்கள். என் பக்கத்து பெஞ்சில் உட்காரும் பேட்ரிசியாவுக்கு நேர்ந்ததை, அவரிடம் கேட்டுக்கொண்டே எழுதிக்கொடுத்தேன். இருபதுக்கு ஆறு வந்தது. விரிவுரையாளர் ஷெர்லின் ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘சார், கோட்பாடு எங்கே? இது கேஸ் ஸ்டடி இல்லை, கதை.’

சரி, கதையாகவே இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். என் பெயர் காத்தமுத்து. புள்ளியியல் துறை. சொந்த ஊர் துறையூர், வாடகை வீடு ஸ்ரீரங்கம். மழையளவும் நெல் மகசூலும் எழுதிப் பழகிய கை இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மலைக்கோட்டை உச்சியில் மாலை வெயில் சரிந்துகொண்டிருந்தபோது பேட்ரிசியா’

[வேண்டாம். திருச்சியில் நடக்கிற எல்லாக் கதையிலும் மலைக்கோட்டை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று அரசாணை எதுவும் இல்லை.]

அடுத்து: ‘பொத்தானை அழுத்துமுன் அவர் விரல் ஒரு நொடி தயங்கியது. பிறகு’

[பொய். தயங்கவே இல்லை. தயங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.]

ஆகவே நேராகச் சொல்கிறேன். பேட்ரிசியாவுக்கு நாற்பத்தேழு வயது. வருவாய்த் துறையில் இருபது வருடம். ஒரு தாலுகாவில் வருவாய் ஆய்வாளர்.* சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று என்று மக்கள் இ-சேவை மையத்தில் பதியும் விண்ணப்பங்கள் கிராம நிர்வாக அலுவலரைத் தாண்டி அவருடைய கணினிக்கு வரும். சரியாக இருந்தால் வட்டாட்சியருக்கு மேலே அனுப்புவார். குறை இருந்தால் திருப்பிவிடுவார். துணை வட்டாட்சியர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் பதினோராவது இடத்தில் இருந்தது. படிப்புக்கு வந்ததற்கு அவர் சொன்ன காரணம், “வீட்ல சும்மா இருந்தா சனிக்கிழமையும் ஆபீஸ்ல கூப்பிட்டுருவாங்க சார்.”

(*எந்தத் தாலுகா என்று சொல்லமாட்டேன். கேட்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் கதைகளுக்குப் பொருந்தாது.)

3

எங்கள் வகுப்பைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாவிட்டால் மனம் ஆறாது. இருபத்துநான்கு பேர். எல்லோரும் ஷெர்லினைவிட மூத்தவர்கள். அவருக்கு இருபத்தொன்பது வயதுதான். ‘அதிகாரவர்க்கம் ஏன் தாமதிக்கிறது?’ என்று முதல் நாள் அவர் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, நாங்கள் இருபத்துநான்கு பேரும் பதிவுத் தபாலில் வந்த நோட்டீசைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். கடைசியில் கருவூலத்துக்காரர் ஒருவர் எழுந்து, “மேடம், பதில் சொல்ல எவ்வளவு நாள் அவகாசம்?” என்றார்.

ஆய்வேட்டுக்கு பேட்ரிசியா அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டார். கொஞ்சம் திருகினார். தாமதத்தை விட்டுவிட்டு, திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பங்களைப் பிடித்துக்கொண்டார். குறையைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்காமல் போனவர்கள் ஏன் போனார்கள்? முறையாக அனுமதி வாங்கி, தன் அலுவலகத்துப் பட்டியலிலிருந்தே நாற்பது பெயர்களைக் குலுக்கிப் பொறுக்கினார். குலுக்கிக் கொடுத்தது நான்தான். புள்ளியியல்காரன் என்பதால் எனக்குக் கிடைத்த மரியாதை.

நாற்பது எண்களுக்கும் போன் செய்தார். பதினேழாவது எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும், அதற்கு மறுநாளும் அப்படியே. முகவரிக்குப் போனால் வீடு மாறிவிட்டார்கள் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பாலக்கரையில் ஒரு சந்தின் பெயரைச் சொன்னார்.

[இந்த இடத்தில் அசைன்மென்ட்டில் ‘மனச்சாட்சி உந்த, பேட்ரிசியா கிளம்பினார்’ என்று எழுதியிருந்தேன். பிறகு சந்தேகம் வந்து அவரிடமே கேட்டேன். “மனச்சாட்சியெல்லாம் இல்ல சார். முப்பத்தொன்பதுன்னா சதவீதம் போடக் கஷ்டம். அதான் போனேன்” என்றார்.]

4

பாலக்கரையில் கதவைத் திறந்தவர் ஷரபுன்னிசா. ஐம்பதைத் தொடும் வயது. பின்னால் மகள் இர்பானா, பி.காம். முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். கல்லூரியிலிருந்து வருவதாக பேட்ரிசியா சொன்னார். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

“வாரிசுச் சான்றுக்குப் போட்டிருந்தீங்களே, அப்புறம் ஏம்மா திரும்பப் போடல?”

“திரும்பவா? அது இன்னும் வரலீங்களே” என்றார் ஷரபுன்னிசா. “கவர்மென்ட்டு வேலை, மெதுவாத்தான் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. மெசேஜ் வரும்னு இ-சேவைல சொன்னாங்க. காத்துக்கிட்டிருக்கோம்.”

“எந்த நம்பர் குடுத்தீங்க?”

ஷரபுன்னிசா எண்ணைச் சொன்னார். பத்து இலக்கமும் மூச்சுவிடாமல் வந்தது. அந்தப் பதினேழாவது எண்.

“அது யாரு நம்பரும்மா?”

“அவங்க நம்பருங்க. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

அவர் கணவர் குத்புதீன் அரசுத் துறை ஒன்றில் ஜீப் ஓட்டுநராக இருந்து, பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தவர். அவருடைய போன் பீரோவுக்குள், மடித்துவைத்த அவர் சட்டைகளுக்கு நடுவே, அணைந்து கிடந்தது. ‘உங்கள் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டுள்ளது’ என்ற செய்தி செத்துப்போனவருக்குப் போயிருக்கிறது.

காரணம், பெயர் வேறுபாடு. ஆதாரில் ஷரபுன்னிசா, கணவரின் பணிப்பதிவேட்டில் சர்புன்னிசா. இரண்டும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம், அதாவது அஃபிடவிட், வைத்திருந்தால் முடிந்திருக்கும். அதைக் கேட்டுத் திருப்பியவர், பேட்ரிசியா. அன்று மட்டும் அவர் நூற்றுப்பத்து விண்ணப்பங்கள் பார்த்திருக்கிறார். ஒன்றுக்கு நாற்பது விநாடி.

கிளம்பும்போது இர்பானா கேட்டாள். “ஆன்ட்டி, கருணை அடிப்படையில வேலைக்கு வாப்பா இறந்து மூணு வருஷத்துக்குள்ள போடணுமாமே. அந்த சர்டிபிகேட் இல்லாமப் போட முடியாதாமே. இன்னும் டைம் இருக்குல்ல?”

பேட்ரிசியா மனசுக்குள் கணக்குப் போட்டார். முப்பத்தொரு நாள் இருந்தது.

5

இனி கதைக்காரனுக்குக் கொண்டாட்டமான இடம். முப்பத்தொரு நாள், ஓடும் கடிகாரம், கடைசி நிமிடத்தில் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு

[இல்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது இன்னும் வெட்கக்கேடானது.]

பிரமாணப் பத்திரம் ஒரே நாளில் கிடைத்தது. இர்பானாவின் எண்ணைக் கொடுத்துப் புது விண்ணப்பம் போட்டார்கள். பேட்ரிசியா தன் கணினியில் அது வந்த அன்றே மேலே அனுப்பினார். வட்டாட்சியரிடம் நேரில் போய் நின்றார். ஒன்பதாம் நாள் சான்று கையில் இருந்தது. ஒன்றரை வருடமாகக் காத்துக்கிடந்த காகிதம், நினைத்தால் ஒன்பது நாளில் வருகிற காகிதம்! “அதுதான் சார் என்னால தாங்க முடியல” என்றார் என்னிடம். “மூணு மாசம் ஆயிருந்தா மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.”

வேலைக்கான விண்ணப்பம் கெடுவுக்குள் பதிவாகிவிட்டது. இர்பானாவின் பெயர் இப்போது காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. வேலை எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல எழுதவும் போவதில்லை.

6

இதுவரை எழுதியதை பேட்ரிசியாவிடம் காட்டினேன். பென்சிலால் குறிப்பெழுதி, கோப்பைத் திருப்புவதுபோலத் திருப்பினார்:

‘பத்தி 2: நான் நீலச் சேலை கட்டியிருக்கவில்லை. நீக்குக.
பத்தி 4: “கண்கள் பனித்தன” தவறு. பனிக்கவில்லை.
பத்தி 5: என்னை நல்லவளாகக் காட்டும் முயற்சி தெரிகிறது. காரணம் கூறுக.’

காரணம் கூற முடியவில்லை. நீக்கிவிட்டேன்.

ஆனால் ஆய்வேட்டில் அவரே ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டிருந்தார். பதினேழாவது நேர்வை எழுத வேண்டும். திருப்பியது தான்தான் என்று எழுதினால், ஒரு பிரதி துறைக்கும் போகும், மெமோ வரலாம், பட்டியலில் பதினோராவது பெயர் இல்லாமலே போகலாம். எழுதாவிட்டால் அந்த நேர்வே பொய். ஒரு வாரம் கழித்து அவர் காட்டிய வாக்கியம் இது:

‘இவ்விண்ணப்பத்தை ஆய்வாளர் திருப்பி அனுப்பினார். பின்னர் ஆய்வாளர் விண்ணப்பதாரரை நேரில் சந்தித்தார்.’

“பொய் இல்லையே சார்?” என்றார். வருவாய் ஆய்வாளரும் ஆய்வாளர், ஆய்வேடு எழுதுகிறவரும் ஆய்வாளர். தமிழ் அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. ஷெர்லின்கூட அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார். நானும் ‘அருமை மேடம்’ என்றேன். அதற்காக இப்போது கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

7

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் ஓய்வுபெற்ற வருவாய் அதிகாரி. ஒல்லியானவர். நாங்கள் எல்லோரும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம் என்பது விதி. அவர் பக்கங்களைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்தார்.

“ஆய்வாளர் திருப்பினார், ஆய்வாளர் சந்தித்தார். எந்த ஆய்வாளரும்மா?”

‘ஒருவர் வருவாய் ஆய்வாளர் சார், மற்றவர் நான்’ என்று சொல்லியிருக்கலாம். அதுவும் இலக்கணப்படி பொய் இல்லை.

“ரெண்டும் ஒரே ஆள்தான் சார்” என்றார் பேட்ரிசியா. “அஃபிடவிட் வேணும்னா தரேன்.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தேர்வாளரும் சிரிக்கவில்லை. “அப்ப அப்படியே எழுதிக் குடுங்க” என்று பக்கத்தை மடித்துக் கொடுத்தார். அங்கேயே, மேசை ஓரத்தில் நின்றபடி, பேட்ரிசியா இரண்டு ஆய்வாளரையும் அடித்துவிட்டு ‘நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேர்ச்சி. துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் கொடுத்திருக்கிறார். பதவி உயர்வின் இறுதிப் பட்டியல் இன்னும் வெளிவரவில்லை.

8

இங்கே முடித்திருப்பேன். ஒழுங்கான முடிவு. கைதட்டலாம்.

ஆனால் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் பேட்ரிசியா சொன்னார், “அவர்கிட்டச் சொல்லிட்டேன். அவங்ககிட்ட இன்னும் சொல்லல சார்.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. பாலக்கரை வீட்டில் அவர் இன்னும் ‘காலேஜ்லேருந்து வந்து உதவி பண்ணின ஆன்ட்டி’தான். பெருநாளைக்கு பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

“கூட வாங்க. உள்ள மட்டும் வராதீங்க.”

சனிக்கிழமை மதியம் என் ஸ்கூட்டரில் போனோம். சந்தில் வேப்பமர நிழலில் நான் நின்றேன். கதவு திறந்தது. “வாங்க ஆன்ட்டி!” என்ற இர்பானாவின் குரல். நாற்காலி இழுபட்டது. பேட்ரிசியாவின் குரல், கோப்பைப் படிக்கிற அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல் இரண்டு நிமிடம். உள்ளே எங்கேயோ ஒரு எவர்சில்வர் தம்ளர் விழுந்தது, அல்லது எறியப்பட்டது. இர்பானா ஜன்னலுக்கு வந்து என்னைப் பார்த்தாள், ஜன்னலைச் சாத்தினாள். அதன் பிறகு மிக்ஸி ஓடியது. நீண்ட நேரம் ஓடியது. அழுகையை மறைக்கவா, மதியச் சமையலுக்கா என்று தெரியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து பேட்ரிசியா வெளியே வந்து செருப்பை மாட்டினார். இருபது வருடம் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்த முகம். அதில் எதையும் படிக்க முடியாது.

“என்ன சொன்னாங்க மேடம்?”

“அது அவங்க சொன்னது சார். எழுதணும்னா அவங்களைக் கேட்டு எழுதுங்க. வண்டிய எடுங்க.”

நான் இன்னும் போய்க் கேட்கவில்லை. நாலு முறை சந்து முனைவரை போயிருக்கிறேன். நாலு முடிவுகளும் எழுதி வைத்திருந்தேன்: மன்னிப்பு, வசவு, மௌனம், சாப்பாடு. நாலையும் கிழித்துவிட்டேன். நாலிலும் ஷரபுன்னிசா என் குரலில்தான் பேசினார்.

ஆகையால் உங்களிடம் தருகிறேன். நீங்கள் இப்போது அந்த வீட்டுக்குள், தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் மகள். எதிரே நாற்காலி நுனியில், ஒன்றரை வருடத்தை நாற்பது விநாடியில் திருப்பி அனுப்பியவர். அவர் சொல்லி முடித்துவிட்டார். தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கிறார்.

சொல்லுங்க.