அட்டை கடித்த முகூர்த்தம்

என் கல்யாணத்தில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா. கல்லிடைக்குறிச்சியிலிருந்து வண்டி கட்டி வந்த மாமாவும் மாமியும். மாப்பிள்ளை வீட்டில் அவருடைய அப்பா, அம்மா, அத்தை ராஜமணி, இடுப்புக் குழந்தையாக இருந்த தங்கை விஜயம். இப்போது வருகிற சாம்பசிவ சாஸ்திரிகளின் அப்பா. நாகஸ்வரக்காரரும் தவில்காரரும், பெயர் தெரியாது. சமையலுக்குப் பிச்சுமணி. கரமனைத் தெருக்காரர்கள் எல்லாரும். கொல்லைப்புற விறகறையில் என் அக்கா அனந்தலக்ஷ்மி, பன்னிரண்டு வயது. மணையில் நான், பாகீரதி, எட்டு வயது. பிறகு ஒரு அட்டை.

அட்டையை என் மகன் நீலகண்டன் எழுதிக்கொள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவை மூடினான். சர்க்கார் ஆபீசான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா வேலை. எது எழுத வேண்டியது, எது எழுதக் கூடாதது என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மா, அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு, அந்தக் கல்யாணத்தைக் கண்ட மனுஷா யார் மிச்சம்னு கேட்டேன். அட்டை எந்துக்கு?"

"அதுதாண்டா எனக்குக் கல்யாணம் பண்ணி வைச்சது."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

மலையாள வருஷம் ஆயிரத்து எழுபத்தொன்பது, இடவ மாசம், தமிழுக்கு வைகாசி. மழை பிடித்துவிட்டது. கரமனையாற்றில் கலங்கல் வெள்ளம். அதனால் முகூர்த்த நாள் காலையில் அக்காவும் நானும் கோயில் குளத்தில் குளித்தோம். அன்று கல்யாணம் அவளுக்கு. மாப்பிள்ளை ராமசுப்ரமணியன், கோட்டைக்குள்ளே வீடு, பதினேழு வயது, காலேஜில் படிக்கிறார். ஜாதகம் பார்த்து, பேசி, நிச்சயம் செய்ய ஆறு மாதம் ஆகியிருந்தது.

படியேறும்போது அக்கா நின்றாள். தொடையில் உள்பக்கமாக ஒரு அட்டை, கொழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் பிடித்து இழுத்தேன். சுண்ணாம்பு தொட்டு வைத்தால் தானாக விழும் என்று அப்போது தெரியாது. இழுத்தால் ரத்தம் நிற்காது என்பதும் தெரியாது. துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, மஞ்சள் பாவாடையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மாப்பிள்ளையின் அத்தை ராஜமணி அந்த நேரம் பார்த்துத்தான் பூத்தட்டோடு வந்திருந்தாள். அக்கா அவளை நமஸ்காரம் செய்து எழுந்தபோது பாவாடையின் பின்பக்கத்தில் கறை. ராஜமணி தட்டைக் கீழே வைத்தாள். "அடி பாவி, திரண்டுடுத்தே" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். போதுமானதாக இருந்தது.

படிக்கிற யாருக்காவது இது புரியாமல் போகக்கூடும் என்பதால் சொல்கிறேன். எங்கள் தெருக்களில் பெண் பெரியவளாவதற்கு முன்பு கல்யாணம் ஆகிவிட வேண்டும். ஆன பிறகு அவளை யாரும் கட்ட மாட்டார்கள். அப்படிப்பட்ட பெண்ணை வைத்திருக்கிற அப்பாவின் கையால் ஊரில் யாரும் தீர்த்தம் வாங்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் தள்ளிக் கறை பட்டிருந்தால் ஒன்றுமில்லை.

"அட்டை கடிச்சது" என்றாள் அக்கா. எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்லுவாள் என்று மாமி சொன்னாள்.

பாவாடையை ஒரு முழம் தூக்கிப் பார்த்திருந்தால் கடிவாய் தெரிந்திருக்கும். அட்டையின் கடி மூன்று கீற்றாக இருக்கும், வேறு எதுவும் அப்படி இருக்காது. யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் தொட வேண்டும். தொட்டால் தீட்டு. எல்லாரும் குளித்து மடியாக நின்றார்கள், முகூர்த்தத்துக்கு இரண்டு நாழிகைதான் இருந்தது. வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள், பிள்ளை பெற்றவர்கள், பிரசவம் பார்த்தவர்கள். மறுபடி ஒரு தடவை குளிக்க ஒருத்திக்கும் மனமில்லை. அதற்காகத்தான் என் அக்காவின் வாழ்க்கை போயிற்று.

நான் அம்மாவிடம் போய், "அட்டைதான், நான்தான் இழுத்தேன்" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் அக்காவின் கூறைப்புடவையை எனக்குச் சுற்ற ஆரம்பித்திருந்தார்கள். காசுமாலையும் போட்டார்கள். அது வயிறு வரை தொங்கியது. எனக்குப் பிடித்திருந்தது. எட்டு வயசுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்று சொல்வார்கள். சரி, என்னைத் தள்ளிவிடுங்கள். மற்றவர்களுக்கு எத்தனை வயது?

என் ஜாதகத்தைப் பழைய சாஸ்திரிகள் ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் பார்த்து முடித்தார். பேஷான பொருத்தம் என்றார். மாப்பிள்ளையின் அப்பா, "உம்ம பொண்ணுதானே, எதுவானா என்ன" என்றார். பிச்சுமணி இலை போட்டான். தாலி ஏறும்போது விறகறையில் அக்கா ஈர விறகின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சாப்பாடு வைக்க எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் அம்மா காத்திருந்தாள். அதற்கடுத்த மாதமும். ஒன்றுமில்லை. அப்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "இப்போ போய்ச் சொன்னா சம்பந்தி நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்?" என்றார். அத்துடன் விஷயம் முடிந்தது. ஊர் சந்தேகப்படாமல் இருக்க, மாதம் மூன்று நாள் அக்காவை விறகறையில் உட்கார வைத்தார்கள். வராத தீட்டுக்கு. நாலாம் நாள் தலைக்குக் குளிக்க வைத்துக் கூட்டி வருவார்கள். இது பதினேழு மாதம் நடந்தது. பதினெட்டாம் மாதம் அவள் நிஜமாகவே பெரியவளானாள்.

அந்தப் பதினேழு மாதமும் அவள் கல்யாணத்துக்கு உரிய பெண்தான். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்பா ஆயிரத்து எண்பத்தேழில் போனார். இந்த வீட்டை எங்கள் இருவர் பெயரிலும் எழுதிவைத்திருந்தார். பிராயச்சித்தமாக எழுதினாரோ என்னவோ, வாயால் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் கோட்டையை விட்டு இங்கேயே வந்துவிட்டார். அன்றுமுதல் முப்பத்தைந்து வருஷமாக அக்காதான் சமையல், அவருக்கு இலை போட்டுப் பரிமாறுவதும் அவள்தான். அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். புதிதாகக் குடிவந்தவர்கள், "மாமி, உங்க ஆத்துக்காரர்?" என்று கேட்டால், "குளத்தில இருக்கார்" என்பாள். அவர்கள் ஜலசமாதி என்று நினைத்துக் கையைக் கூப்புவார்கள். உள்ளே வந்து அவளும் நானும் சிரிப்போம். அந்தச் சிரிப்புகூட எனக்கு நல்லதாகப் படவில்லை.

இப்போது அவருக்கு அறுபது முடிகிறது. ஹோமம், மறுபடி தாலி, பெரியவர்கள் தம்பதியின் தலையில் கலச ஜலம் விடுவது, எல்லாம் உண்டு. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். என் பிறந்த வீட்டில் மூத்தவளாக மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதான். என் தலையில் முதல் குடம் அவள் விட வேண்டும். பந்தலில், எல்லாரும் பார்க்க.

நீலகண்டன் நோட்டுப் புத்தகத்தோடு கச்சேரிக்குப் போன பிறகு, கோட்டையிலிருந்து பஸ் ஏறி விஜயம் வந்தாள். கூடவே சாம்பசிவ சாஸ்திரிகள். கூடத்தில் பாய் விரித்தேன். என் கணவர் ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

விஜயம் முதலில் காப்பி நன்றாயிருக்கிறது என்றாள். பிறகு, "மன்னி, அனந்தக்காவை ஒரு நாலு நாள் சுசீந்திரத்தில கொண்டு விட்டா என்ன? ஸ்வாமி தரிசனமும் ஆச்சு, அவாளுக்கும் ஒரு மாத்தம்" என்றாள்.

"நாலு நாள்னா, எந்த நாலு நாள்?"

"நீங்க அறியாதது ஒண்ணுமில்லை. நூறு பேர் வர எடம். சுமங்கலியுமில்லை, மத்ததுமில்லை. எந்த வரிசையில நிறுத்தறது?"

"முதல் வரிசையில. முதல் குடம் அவளோடதுன்னு சொன்னேனே."

"பெரியவளாகியும் பொறந்தாத்திலேயே நின்னவ கையால ஜலமா? அண்ணாவோட ஆயுசுக்காக்கும் இந்த ஹோமம்."

சாஸ்திரிகள் தொண்டையைச் செருமினார். "அம்மா, சாஸ்திரத்தில பார்த்தா..."

"உங்க தோப்பனார் பார்த்த சாஸ்திரத்தையும் நான் பார்த்தேன். ஒரு வெத்தலை நேரம் ஆச்சு அதுக்கு. அட்டைக் கடிக்கு அதுல என்ன சொல்லியிருக்கு?"

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குளம், அட்டை, பாவாடை, பதினேழு மாதம். நாற்பத்துமூன்று வருஷத்தில் வெளி மனிதர் முன்னால் வாய் திறந்தது அன்றுதான். விஜயத்தின் முகம் சுருங்கியது. நிஜமாகவே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் கணவர் காலால் ஊஞ்சலை நிறுத்தினார். "போறும் பாகீரதி. தெரிஞ்ச கதையை எத்தனை தடவை?"

"யாருக்குத் தெரிஞ்ச கதை?"

அவர் ஊஞ்சலை மறுபடி ஆட்டினார்.

"உங்ககிட்ட நான் சொன்னதில்லை. எங்கம்மா சொல்லியிருக்க மாட்டா. யார் சொன்னா?"

"ராஜமணி அத்தை சொன்னா."

"எப்போ?"

"எண்பதில. கல்யாணம் ஆகி ஏழெட்டு மாசத்தில. உங்கம்மா கோட்டைக்கு வந்து அத்தை காலைப் பிடிச்சிண்டு அழுதிருக்கா. தப்பாச் சொல்லிட்டோம்னு நீங்களே நாலு பேர்கிட்ட சொல்லிடுங்கோன்னு."

அம்மாவை வாழ்நாள் முழுவதும் நான் திட்டியிருக்கிறேன், செத்த பிறகும். அவள் அப்பாவுக்குத் தெரியாமல் கோட்டை வரை நடந்து போனது எனக்குத் தெரியாது.

"அத்தை என்ன சொன்னா?"

"அவ சொல்லத் தயாராத்தான் இருந்தா. என்னைக் கேட்டா, சொல்லட்டுமாடான்னு."

"நீங்க?"

"எனக்குப் பதினெட்டு வயசு."

"வயசைக் கேக்கலை."

அவர் விஜயத்தைப் பார்த்தார், சாஸ்திரிகளைப் பார்த்தார். "வேண்டாம்னேன். காலேஜ் பூரா சிரிப்பான். அட்டை பார்த்துக் குடுத்த பொண்ணு எதுடான்னு கேப்பான். அந்த வயசில அதைத் தாங்க முடியுமா? நீயே சொல்லு."

அந்த மாதம் அக்காவுக்குப் பன்னிரண்டு நடந்ததோ, பதிமூன்று பிறந்ததோ. ராஜமணி தன் வாயால் சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரி, கண்ணால் பார்த்தவள். அந்தப் பதினேழு மாதம் முடிவதற்குள் எங்கேயாவது ஒரு பையன் கிடைத்திருப்பான். நல்லவனோ கெட்டவனோ, அது அவள் பாடு. இந்த மனிதர் அதை வேண்டாம் என்றார். பிறகு முப்பத்தைந்து வருஷம் அவள் கையால் ரசம் விட்டுக்கொண்டு சாப்பிட்டார். உப்புக் குறைவு என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கையில் கரண்டி.

"பாகீ, எனக்கு அந்தக் குடம் வேண்டாம்" என்றாள். "நூறு பேர் நடுவில உன் தலையில தண்ணி விட்டா என் பாவாடை வெளுத்துடுமா? உனக்கு ஆசையா இருந்தது, சரின்னேன்."

பிறகு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுண்டு பரிமாறினேன். இனிமே நீங்க எடுத்துப் போட்டுக்கோங்கோ."

உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

சாஸ்திரிகள், "நாள் பார்த்தாச்சு, பந்தலுக்கும் சொல்லியாச்சு, கோபத்தில எதுவும்..." என்று ஆரம்பித்தார்.

"கோபம்தான். ஆனா அதனால சொல்லலை" என்றேன். "ஒரு தடவை என்னைக் கேக்காம நடந்தது. இந்தத் தடவை கேக்கறேள், பத்திரிகை அடிக்கறேள். அதனால பதில் சொல்றேன். எனக்கு வேண்டாம்."

"மன்னி, ஊர் என்ன சொல்லும்?" என்றாள் விஜயம்.

"அதை உங்க அண்ணாகிட்டக் கேளு. ஊர் என்ன சொல்லும்னு அவருக்குத்தான் நன்னாத் தெரியும்."

அவர் ஊஞ்சலிலிருந்து எழுந்தார். முகம் சிவந்திருந்தது. வெட்கத்தால் என்று நினைக்க எனக்கு ஆசைதான், ஆனால் கோபம்தான் அது. "பத்தினி இல்லாம ஆயுஷ்ய ஹோமம் பண்ணலாமோ?" என்று சாஸ்திரிகளைக் கேட்டார்.

"ஹோமம் மாத்திரம்னா பண்ணலாம். மாங்கல்ய தாரணம் கிடையாது."

"போறும். விஜயம் ஆத்துல வைச்சுக்கலாம். இவளுக்கு எப்போ புத்தி வரதோ அப்போ வந்து சேரட்டும்."

குடையை எடுத்தார். அங்கவஸ்திரத்தைத் தோளில் போட்டார். நான் தடுப்பேன் என்று வாசற்படியில் கொஞ்சம் நின்றார். விஜயம் என் கையைப் பிடிக்க வந்தாள், நான் கொடுக்கவில்லை. மூன்று பேரும் தெருவில் இறங்கினார்கள். நல்ல வெயில். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன. தெரியட்டும்.

"அவர் சாப்பிடாம போறாரே" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள். பழக்கம்.

"போகட்டும்" என்றேன்.

இது எங்கள் வீடு. அவர் நாலாவது வீட்டைத் தாண்டும்வரை பார்த்தேன். பிறகு கதவின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சாத்தினேன், குறுக்குக் கட்டையைப் போட்டேன், சாவியைத் திருப்பிப் பூட்டினேன்.